திறந்த படகிலும் நச்சுப்புகை தங்கும்: வன்னிக் கடலில் புதிதாகப் படகெடுப்பவர்களுக்கு

முல்லைத்தீவிலோ நாயாற்றிலோ கரையில் நிற்கும் ஒரு பைபர் வள்ளத்தைப் பார்த்தால், இதில் மூச்சு முட்ட இடமேது என்றுதான் தோன்றும். கூரை இல்லை, கதவு இல்லை, நாலு பக்கமும் கடல். புகையோடு வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு என்றால் பூட்டிய அறை, கார் நிறுத்தும் கொட்டகை என்றுதான் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் படகில் கூரை இருப்பதும் இல்லாததும் பாதிக் கதைதான். எஞ்சின் புகை எங்கே வெளியேறுகிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, படகின் வேகத்தோடு ஒப்பிட்டால் அந்தக் காற்று எவ்வளவு வேகம் என்ற மூன்றும் சேர்ந்துதான் அந்தப் புகை கடலோடு போகுமா, உங்கள் மூக்குக்கு வருமா என்பதைத் தீர்மானிக்கின்றன. முதன்முதலாகப் படகு வாங்குபவர்களும், சொந்தக்காரரின் படகில் தொழில் பழகப் போகிறவர்களும், இரணைதீவுக்கோ களப்புக்கோ பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் போதும். செலவு பெரிதாக இல்லை.

வாயு என்ன செய்கிறது

பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல், சமையல் எரிவாயு, சிரட்டைக்கரி எதுவானாலும் ஒட்சிசன் போதாமல் அரைகுறையாக எரிந்தால் காபனோரொட்சைட்டு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது, இருமலும் வராது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு இது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மூச்சு ஒழுங்காகப் போய்வந்தாலும் மூளைக்கும் இதயத்துக்கும் ஒட்சிசன் போய்ச் சேராது.

காற்றின் பத்து இலட்சம் பங்கில் இந்த வாயு எத்தனை பங்கு என்பதை பிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். 400 பிபிஎம் உள்ள காற்றை ஒன்று இரண்டு மணித்தியாலம் சுவாசித்தால் தலையிடி வரும். 800இல் முக்கால் மணித்தியாலத்துக்குள் தலைச்சுற்றும் குமட்டலும், இரண்டு மணித்தியாலத்துக்குள் மயக்கமும் வரும். 1,600இல் 20 நிமிடத்தில் தலையிடி தொடங்கி ஒன்று இரண்டு மணித்தியாலத்தில் உயிர் போகலாம். 12,800 என்றால் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம்தான். சரியாகச் சீர்செய்யாத பெற்றோல் எஞ்சினின் புகையில் இந்த வாயு நூற்றுக்குச் சில வீதம் இருக்கும். நூற்றுக்கு ஒன்று என்றாலே 10,000 பிபிஎம். புகை வாயருகே முகத்தை வைத்துக்கொண்டு பழுது பார்ப்பது எவ்வளவு மோசமான பழக்கம் என்று இதிலேயே தெரியும்.

மூக்கை நம்ப முடியாது. மண்ணெண்ணெய் மணம் படகில் எப்போதும் இருப்பதால் இரண்டு நாளில் மூக்கு அதைக் கணக்கெடுக்காமல் விட்டுவிடும். கண்ணையும் நம்ப முடியாது. நீல வெள்ளைப் புகை பெரும்பாலும் ஒயிலின் புகை. கண்ணுக்கு எதுவுமே தெரியாமல் வெளியேறும் புகையிலும் காபனோரொட்சைட்டு நிறைய இருக்கலாம்.

காற்றைப் பார்க்கப் பழகுதல்

முல்லைத்தீவுக் கரை வடகிழக்கைப் பார்த்திருக்கிறது. சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். சோளக காலத்தில்தான் அந்தப் பக்கத்துக் கடல் அமைதி, தொழிலும் அப்போதுதான் மும்முரம். கரையிலிருந்து நேரே வெளியே ஓடும் படகுக்கு அந்தக் காற்று முதுகில்தான் விழும். மன்னார், பூநகரிப் பக்கம் இதன் மறுதலை. அங்கே வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் கரையோரக் கடல் அடங்கிக் கிடக்கும், மேற்கே ஓடும் படகுக்கு வாடை பின்னால் நிற்கும். இதற்கு மேல் நாளாந்தக் காற்று இருக்கிறது. விடியமுன் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றோடு போகிறோம், பின்னேரம் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றோடு திரும்புகிறோம். பாய்மரக் காலத்தில் இது வரம். எஞ்சின் காலத்தில் போகும்போதும் வரும்போதும் புகை கூடவே வருகிறது என்று அர்த்தம்.

கணக்கு எளிது. படகு மணிக்கு 6 கடல் மைல் ஓடுகிறது, பின்னாலிருந்து காற்றும் அதே வேகம் என்றால், படகில் இருப்பவருக்குக் காற்றே இல்லை. எஞ்சினிலிருந்து வரும் புகை படகோடு சேர்ந்து மிதந்துகொண்டே வரும். காற்று அதைவிட வேகமாக இருந்தால் புகை முன்னோக்கி அணியத்துக்கே போகும். எதிர்க்காற்றில் ஓடும்போது வரும் உப்புத் தூவானத்தைத் திட்டுகிறோம், உண்மையில் நுரையீரலுக்கு அதுதான் நல்ல ஓட்டம்.

இதை அறியப் பெரிய கருவி வேண்டாம். ஒரு சொப்பின் பையைக் கீறி, ஒரு விரல் அகலமும் ஒரு முழ நீளமும் உள்ள நாடாவாக எடுங்கள். எஞ்சினுக்கு அருகே ஒரு தடியை நட்டு, எஞ்சின் மூடிக்கு மேலே உங்கள் முகத்தளவு உயரத்தில் அதைக் கட்டுங்கள். நாடா பின்னோக்கிப் பறந்தால் நல்லது. தொங்கிக்கொண்டு நின்றால் புகை உங்களோடுதான் இருக்கிறது. படகுக்குள் நீட்டிக்கொண்டு பறந்தால் உடனே ஏதாவது மாற்ற வேண்டும். ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பெற்றோல் கான் பக்கத்தில் இருக்கும்போது அந்த வேலை வேண்டாம்.

மாற்றுவது என்றால் என்ன? ஓடும் திசையை 30, 40 பாகை திருப்பி, காற்று ஒரு பக்கத் தோளில் விழும்படி வளைந்து வளைந்து போகலாம். சில நிமிடம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான். அல்லது வேகத்தைக் கூட்டலாம். எரிபொருள் விலையில் இது கசக்கும், ஆனால் பின்காற்றின் வேகத்தை ஒத்த மந்த ஓட்டம்தான் எல்லாவற்றிலும் மோசம்.

இன்னொன்று, கைப்பிடி பிடித்து ஓட்டுகிற வெளியிணைப்பு எஞ்சினில் புகைக்கு மிகக் கிட்ட இருப்பவர் ஓட்டிதான். முதலில் தடுமாறுபவரும் அவர்தான், தடுமாறுகிறோம் என்று உணரும் நிலையில் அவர் இருக்கமாட்டார். பின்காற்றில் நீண்ட ஓட்டம் என்றால் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஓட்டியை மாற்றுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் பின்பலகையில் இருத்தாதீர்கள். கருவிலுள்ள பிள்ளையின் இரத்தம் தாயின் இரத்தத்தைவிட இந்த வாயுவைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும், தாய்க்கு இலேசான தலையிடியாகத் தெரியும்போதே உள்ளே பாதிப்பு நடக்கலாம்.

தறப்பாள்

திறந்த வள்ளத்தை நஞ்சுக் கூடாக மாற்றுவது பெரும்பாலும் தறப்பாள்தான். மழைக்கும் வெயிலுக்கும் அணியத்திலிருந்து நடுப்பலகை வரை வளைவு கட்டி மூடுவார்கள். முன்பக்கம் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி, பின்பக்கத்தை எஞ்சினைப் பார்த்துத் திறந்து விடுவார்கள். படகு முன்னே ஓடும்போது அந்த மூடலுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். அந்தக் குறைவு பின்னாலிருக்கும் புகையை இழுத்து உள்ளே கொண்டுவரும். எதிர்க்காற்றில் ஓடினாலும் இது நடக்கும் என்பதைக் கவனியுங்கள், இங்கே நாடாவைத் தறப்பாளின் வாயில் கட்டிப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும்.

பின்பாரம் கூடிய படகில் இது இன்னும் மோசம். எரிபொருள் கான்கள், ஐஸ் பெட்டி, நனைந்த வலை எல்லாம் பின்னால் குவிந்தால் அணியம் தூக்கிக்கொள்ளும், பின்பக்கம் தண்ணீரில் அமரும், புகை தங்கும் குழி அங்கே பெரிதாகும். பாரத்தை நடுவுக்குத் தள்ளுங்கள்.

தறப்பாள் கட்டியே ஆகவேண்டும் என்றால் முன்பக்கத்தையும் ஒரு முழமாவது திறந்து விடுங்கள், காற்று முன்னால் புகுந்து பின்னால் போகட்டும். முன்னால் திறக்க முடியாதபடி மழை அடித்தால் தறப்பாளைக் கழற்றிவிட்டு மழையங்கியைப் போடுங்கள். எஞ்சினோ ஜெனறேற்றரோ அடுப்போ இயங்கும்போது தறப்பாளுக்குள் யாரும் நித்திரை கொள்ளக் கூடாது. நித்திரையில் இருப்பவருக்குத் தலையிடி தெரியாது.

எஞ்சின்

வெளியிணைப்பு எஞ்சினின் புகை ஓட்டத்தில் காற்றாடியின் நடுவழியாகத் தண்ணீருக்குள் போகும். அதைப் பார்த்துவிட்டுப் புகை கடலுக்குள் போகிறது என்று நினைப்பது பாதி உண்மை. எஞ்சின் காலின் பின்புறம், நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சிறு துளை இருக்கும். மந்தமாக இயங்கும்போது புகை அந்தத் துளையால் நேரே காற்றுக்கு வரும். கியர் போடாமல் காத்து நிற்கும் நேரம், கரைக்கு மெல்ல வரும் நேரம், வலையின் பூயாவை (மிதவையை) தேடிச் சுற்றும் நேரம் எல்லாம் இதில் அடங்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பதென்றால் நிறுத்திவிடுங்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சின்களைப் பெற்றோலில் இயக்கி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது முறை. பெற்றோலை மிச்சம்பிடிக்க எஞ்சின் சூடேறுமுன் மாற்றினால் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, அரைகுறையாக எரியும், புகையிலே நஞ்சு கூடும், பிளக்கிலும் கரி படியும். சோக்கை இழுத்தபடி மறந்து ஓடுவதும் அதே விளைவுதான். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளமண்ணிறமாக இருந்தால் எரிதல் சரி. விரலில் ஒட்டும் காய்ந்த கரி என்றால் காற்றுக்கு எரிபொருள் கூடிவிட்டது, காபரேற்றரைத் துப்பரவாக்கிச் சரிசெய்ய வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒயில் கலக்கும் விகிதத்தை எஞ்சினோடு வந்த புத்தகத்தைப் பார்த்தே போடுங்கள். 50க்கு 1 என்றிருந்தால் 25 லீற்றருக்கு 500 மில்லிலீற்றர். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு விகிதம் வேறாக இருக்கலாம், பக்கத்துப் படகுக்காரரின் கணக்கு உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தவேண்டும் என்றில்லை.

வாடிக்குள் பீப்பாய்த் தண்ணீரில் எஞ்சினை இறக்கி இயக்கிப் பார்ப்பது பலருக்கு வழக்கம். ஓலைக் கொட்டில்தானே, காற்றோட்டம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், பீப்பாயை வெளியே உருட்டி வைத்து இயக்குங்கள். தோட்டக் கிணற்றுக்குள் தண்ணீர் இறைக்கும் மிசினை இறக்கி இயக்கிவிட்டுப் பின்னால் ஆளும் இறங்குவது இதே வாயுவுக்கு இன்னும் நேரான வழி. இது கடற்கரைக் கட்டுரை என்றாலும் வன்னியில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

கரையை விட்டுப் புறப்படுமுன்

1. பிளக், எரிபொருள் குழாய், காபரேற்றர் வாரம் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். எஞ்சின் மூடியின் உட்புறத்தில் கறுப்புக் கரிக்கோடு தெரிந்தால் புகை ஒழுகுகிறது, அந்த இணைப்பைத் திருத்தும்வரை நீண்ட ஓட்டம் வேண்டாம்.

2. நாடாத் தடியை நடுங்கள். கிழிந்திருந்தால் புதிது.

3. அணியத்தைக் காற்றுக்குத் திருப்பி வைத்து எஞ்சினை இயக்குங்கள். குளிர்ந்த எஞ்சினின் முதல் சில நிமிடப் புகைதான் மிகக் கனமான புகை. பயணிகள் இருந்தால் சூடேறிய பிறகு ஏறட்டும்.

4. பாரத்தைப் பங்கிடுங்கள், ஆட்களை இருத்துங்கள். யார் யார் ஓட்டுவது, எப்போது மாறுவது என்பதை அப்போதே பேசிவிடுங்கள்.

5. தலையிடித்தாலோ குமட்டினாலோ உடனே சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, சொல்லி ஏற்றுங்கள்.

துறையில் பத்துப் படகு பக்கம் பக்கமாக எஞ்சினை மந்தமாக விட்டுக்கொண்டு நிற்கும்போது உங்கள் எஞ்சின் நின்றிருந்தும் பயனில்லை. பக்கத்துப் படகின் இயங்கும் எஞ்சினிலிருந்து குறைந்தது 20 அடியாவது தள்ளி நில்லுங்கள். கடலில் இரண்டு படகுகளை அணைத்துக் கட்டி மீன் மாற்றும்போதும் இரண்டு எஞ்சினும் நிற்கட்டும்.

ஓடும் படகின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இழுபட்டுப் போவது இளைஞர்களுக்கு விளையாட்டு. காற்றாடி காலை வெட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். முகம் இருப்பது புகை வெளிவரும் இடத்தில் என்பது தெரியாது. மயங்கினால் தாழ்ந்துபோவார்கள், பிறகு அது நீரில் மூழ்கிய சாவாகவே பதியப்படும். அமெரிக்காவில் லேக் பவல் நீர்த்தேக்கத்தில் வீட்டுப் படகுகளின் பின்தட்டுக்கு அருகே நீந்தியவர்கள் இறந்ததை 2000ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, தட்டுக்குக் கீழேயுள்ள இடுக்கில் ஜெனறேற்றரின் புகை ஆயிரக்கணக்கான பிபிஎம் அளவில் தேங்கியிருந்தது தெரியவந்தது. அதுவும் திறந்த வெளியில்தான். காற்றாடியில் வலை சுற்றினால் எஞ்சினை நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, பிறகு இறங்குங்கள்.

நங்கூரம் போட்டு நிற்கும்போது

இரவில் வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிப்பது சரியா பிழையா என்ற சண்டை வேறு, அதை இங்கே இழுக்கவில்லை. எந்தக் காரணத்துக்காக ஜெனறேற்றரைப் படகில் ஏற்றினாலும், எஞ்சினைவிட அதைத்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும். சிறிய பெற்றோல் ஜெனறேற்றர் ஒன்று வெளிவிடும் காபனோரொட்சைட்டு நூற்றுக்கணக்கான இக்காலக் கார்கள் வெளிவிடுவதற்குச் சமம். அது தண்ணீருக்குள் புகை விடுவதுமில்லை, படகு ஓடாததால் புகையைக் கலைக்க ஓட்டக் காற்றுமில்லை.

வைக்கும் இடம் நங்கூரக் கயிற்றைப் பொறுத்தது. கயிறு அணியத்தில் இருந்தால் படகு காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும், பின்பக்கம் காற்றின் கீழ்ப்பக்கமாகும். ஜெனறேற்றரைப் பின்பக்கம், புகைவாய் வெளியே பார்க்க வைத்து, ஆட்கள் முன்னே இருக்கலாம். கயிற்றையோ வலையையோ பின்னால் கட்டினால் எல்லாம் தலைகீழ். அப்போது அதே ஜெனறேற்றர் படகு முழுக்கப் புகையை ஊதும். நாயாறு, கொக்கிளாய் முகத்துவாரங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே நீரோட்டம் பலமாக இருக்கும் நேரத்தில் படகு காற்றைப் பார்க்காது, ஓட்டத்தைத்தான் பார்க்கும். ஓட்டம் மாறினால் படகும் திரும்பும். ஆதலால் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிட முடியாது, நாடாவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், சிறு வள்ளத்துக்கு 12 வோல்ற் பற்றரியும் எல்ஈடி விளக்கும் போதும். ஜெனறேற்றரை விற்றுவிட்டு அதை வாங்குங்கள்.

சிரட்டைக்கரி அடுப்பு தணலாகிவிட்டால் புகை தெரியாது, ஆனால் காபனோரொட்சைட்டு அந்தத் தணலிலிருந்துதான் அதிகம் வரும். தேநீர் வைப்பதென்றால் திறந்த இடத்தில் வைத்து, முடிந்ததும் தணலைக் கடலில் கொட்டுங்கள். குளிர்காயத் தறப்பாளுக்குள் தணலை வைத்திருப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. எரிவாயு அடுப்பின் சுடர் நீலமாக இருக்க வேண்டும், மஞ்சளானால் துளை அடைத்திருக்கிறது.

கபின் உள்ள படகுகள்

பேசாலை, பள்ளிமுனைப் பக்கத்து உள்ளிணைப்பு டீசல் படகுகளில் தொழில் பழகுபவர்களுக்கு இது. டீசல் எஞ்சின் பெற்றோலைவிடக் குறைவாகவே காபனோரொட்சைட்டை விடும், ஆனாலும் எஞ்சின் அறைக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு பலகைதான். வயரும் குழாயும் போக அந்தப் பலகையில் போட்ட துளைகளை அடைத்திருக்கிறார்களா பாருங்கள். புகைக்குழாயின் இணைப்புகளில் கரி படிந்த இடம் ஒழுகும் இடம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இயக்கி, இணைப்பில் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். சூடான குழாயில் இதைச் செய்ய முடியாது.

இப்படிப்பட்ட படகுக்கு எச்சரிக்கைக் கருவி அவசியம். படகுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும், வீட்டுக்கு விற்பது உப்புக்காற்றில் சீக்கிரம் செத்துவிடும். யுஎல் 2034 என்ற தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தில் உள்ள கருவி 70 பிபிஎம்மில் 1 முதல் 4 மணித்தியாலத்துக்குள்ளும், 150இல் 10 முதல் 50 நிமிடத்துக்குள்ளும், 400இல் 4 முதல் 15 நிமிடத்துக்குள்ளும் கத்தும். ஆகவே கத்தவில்லை என்பதற்காகக் காற்று சுத்தம் என்று பொருளல்ல. படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில், யன்னலுக்கு நேரேயும் அடுப்புக்கு மேலேயும் இல்லாமல் பூட்டுங்கள். வாரம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், பின்னால் அச்சிட்ட காலாவதித் திகதி வந்ததும் பொத்தான் வேலை செய்தாலும் மாற்றுங்கள். உள்ளூர்க் கடைகளில் கிடைக்காவிட்டால் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொக்லேற்றுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள். முகக்கவசமும் ஈரத் துணியும் இந்த வாயுவைத் தடுக்காது, கரிவடி போட்ட கவசமும் தடுக்காது.

மீன் அறை வேறு கதை. அழுகிய மீனும் தேங்கிய தண்ணீரும் ஐதரசன் சல்பைட்டு என்ற வேறொரு வாயுவை உண்டாக்கும், ஒட்சிசனையும் குறைக்கும். முட்டை அழுகிய மணம் முதலில் வந்து, வாயு கூடக் கூட மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட்டியபின், மேலே ஒருவர் காவலுக்கு நிற்கும்போது மட்டும் இறங்கலாம்.

சிலிண்டர் கட்டி இறங்குபவர்கள்

கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குபவர்களுக்கு ஆபத்து சிலிண்டரை நிரப்பும் இடத்தில் தொடங்குகிறது. பெற்றோல் எஞ்சினில் ஓடும் கொம்பிரசரின் காற்று உறிஞ்சும் வாய், அதே எஞ்சினின் புகைவாய்க்குப் பக்கத்தில் இருந்தால் புகையையே அழுத்தி நிரப்புகிறது. படகிலேயே கொம்பிரசரை வைத்துக் குழாயால் காற்று விடுவது இன்னும் கெடுதல். இடம் சிறிது, காற்று திரும்பும், மேலே நிற்பவர் கவனிக்கமாட்டார்.

தண்ணீருக்குக் கீழே கணக்கு மாறும். 10 மீற்றரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீற்றரில் மூன்று. சிலிண்டரில் 20 பிபிஎம் இருந்தால் 20 மீற்றர் ஆழத்தில் அது 60 பிபிஎம்மைப் போல வேலை செய்யும். சுழியோடிகள் சுவாசிக்கும் காற்றுக்கான ஐரோப்பியத் தரம் 5 பிபிஎம்முக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆழத்தில் ஒட்சிசனின் அழுத்தமும் கூடியிருப்பதால் ஆளுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், மேலே ஏறும்போது ஒட்சிசன் குறைய, கையிலிருந்த தெம்பு திடீரென்று போகும். மேற்பரப்புக்கு வந்ததும் மயங்குவது இதனாலும் இருக்கலாம்.

செய்ய வேண்டியவை: உறிஞ்சும் வாய்க்கு நீளக் குழாய் போட்டு, காற்று வரும் திசையில், பல மீற்றர் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள். காற்று திரும்பினால் நிறுத்தி இடம் மாற்றுங்கள். நிரப்பும் இடத்தின் அருகே லொறியோ படகு எஞ்சினோ இயங்கக் கூடாது. கொம்பிரசர் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் ஒயிலே கருகி இந்த வாயுவை உண்டாக்கும், அதனால் மின்சாரத்தில் ஓடும் கொம்பிரசரானாலும் ஒயிலையும் வடியையும் நேரத்துக்கு மாற்ற வேண்டும். காற்றில் எண்ணெய்ச் சுவை இருந்தால் அந்தச் சிலிண்டரைத் திறந்து வெறுமையாக்கிவிடுங்கள். சுவை இல்லை என்பதை நற்சான்றாக எடுக்க வேண்டாம்.

ஆள் சுருண்டால்

தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், கை கால் சோர்வு, பேச்சுத் தடுமாற்றம். கடல் மயக்கம், வெறும் வயிறு, வெயில், சாராயம் என்று எதிலும் போடக்கூடிய அறிகுறிகள்தான் எல்லாம். வேறுபடுத்த இரண்டு கேள்வி உதவும். ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் தலையிடிக்கிறதா? இருபது வருடம் கடலில் கிடந்து ஒருநாளும் சத்தியெடுக்காதவர் இன்று எடுக்கிறாரா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் புகை என்றே எடுத்து நடந்துகொள்ளுங்கள். அந்த எண்ணம் பிழையாகிப்போனாலும் நட்டமில்லை.

முதலில் எஞ்சினையும் ஜெனறேற்றரையும் நிறுத்துங்கள். தறப்பாளைக் கழற்றுங்கள். கபினுக்குள் மயங்கிக் கிடப்பவரை எடுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு தனியாகப் பாயாதீர்கள், கதவு யன்னல் எல்லாவற்றையும் திறந்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் பிடிக்க இறங்குங்கள். ஆளைக் காற்று வரும் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மூச்சிருந்து நினைவில்லை என்றால் ஒருபக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லை என்றால் மார்பு அழுத்தத்தையும் வாய்மூச்சையும் தொடங்குங்கள். தேசிக்காய்த் தண்ணீர், பால், முகத்தில் தண்ணீர் அடித்தல் எதுவும் இந்த வாயுவை வெளியேற்றாது. கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று விடுவது எல்லாவற்றிலும் பெரிய பிழை.

கரைக்கு வர எஞ்சின் வேண்டும்தானே. ஆளை அணியத்தில், தலை முன்பக்கம் இருக்கப் படுக்க வைத்து, நாடா பின்னோக்கிப் பறக்கும் திசையிலும் வேகத்திலும் ஓடுங்கள், வளைந்து வந்தாலும் பரவாயில்லை. விஎச்எப் வானொலிக் கருவி இருந்தால் 16ஆம் அலைவரிசையில் உதவி கேளுங்கள். தொலைபேசி சிக்னல் கிடைத்ததும் 1990க்கு அடித்து எந்தத் துறைக்கு வருகிறீர்கள் என்று சொன்னால், சுவசெரிய அம்புலன்ஸ் கரைக்கு வரும். முல்லைத்தீவுக்காரருக்கு மாஞ்சோலை வைத்தியசாலை, மற்றப் பக்கங்களுக்குக் கிளிநொச்சி அல்லது மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை.

வைத்தியசாலையில் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது: “எஞ்சின் புகை சுவாசித்தவர்.” இதைச் சொல்லாவிட்டால் வெயில் மயக்கம் என்று சேலைன் ஏற்றி இருத்திவிடக்கூடும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி இந்த வாயுவையும் ஒட்சிசனாகவே எண்ணும், 98 காட்டினாலும் நம்ப வேண்டாம், இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். வெறும் காற்றில் உடலிலிருக்கும் வாயுவில் பாதி வெளியேற 4 முதல் 6 மணித்தியாலம் எடுக்கும். முகமூடி வழியாக முழு ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலமாகக் குறையும். அதனால்தான் தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் வைத்தியர் விடும்வரை இருக்க வேண்டும். சில நாளோ சில கிழமையோ கழித்து மறதி, குணமாற்றம், நடையில் தள்ளாட்டம் வந்தால் மறுபடியும் கொண்டுபோங்கள். அது தாமதமாக வரும் பாதிப்பாக இருக்கலாம்.

படகையும் அப்படியே விடக் கூடாது. என்ன இயங்கிக்கொண்டிருந்தது, தறப்பாள் எப்படிக் கட்டியிருந்தது, காற்று எங்கிருந்து வீசியது, பாரம் எங்கே இருந்தது என்று அன்றே எழுதி வைத்து, காரணத்தைக் கண்டு திருத்தும்வரை எஞ்சின் திறப்பைப் படகு முதலாளியான சம்மாட்டியே கையில் வைத்திருக்கட்டும். அடுத்த நாள் விடியமுன் அதே படகை எடுக்க வருபவருக்கு முதல்நாள் நடந்தது தெரிந்திருக்க வேண்டும்.